ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கட்டுரைக்கு என்ன தலைப்பு வைப்பது?

தமிழ் விக்கிப்பீடியாவில் ஆள்களைப் பற்றி எழுத ஆரம்பிக்கிற எல்லோரும் சீக்கிரமே ஒரு இடத்தில் முட்டிக்கொள்வார்கள். கட்டுரை தயார், மேற்கோள்கள் தயார், தலைப்பைப் போட்டுச் சேமிக்கப் போனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருப்பார். உடனே கை தானாக அடைப்புக்குறிக்குப் போகும். (நடிகர்), (அரசியல்வாதி), (எழுத்தாளர்) என்று எதையாவது ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அடைப்புக்குறி தப்பில்லை. ஆனால் அது கடைசியில் எடுக்க வேண்டியது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு, அதில் பாதி வேலையை ஊர்க்காரர்களும் ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் நமக்காக முடித்தே வைத்திருக்கிறார்கள்.

தமிழில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம்தான். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் சொந்தப் பெயர், அவ்வளவுதான். சாதிப் பெயரைப் பின்னால் போடுவதையும் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள் (நல்லதுதான்), ஆக ஆளைப் பிரித்துக் காட்டுகிற பாரம் முழுக்க அந்த ஒற்றை எழுத்தின் தலையில் விழுகிறது. ராமகிருஷ்ணன், சந்திரசேகர், அன்பழகன் மாதிரிப் பெயர்களுக்கு ஒரு எழுத்து எங்கே போதும்?

முதலில், மக்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள்

ஜானகி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அதைத் தேடி வருகிற வாசகர் குறைந்தது நாலு பேரில் ஒருவரைத் தேடி வந்திருக்கலாம்: பாடகி எஸ். ஜானகி, நடிகை சௌகார் ஜானகி, 1988 ஜனவரியில் மூன்று வாரம் சொச்சம் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த வி. என். ஜானகி, தாவரவியல் அறிஞர் இ. கே. ஜானகி அம்மாள் (1897–1984). தொழிலை வைத்துப் பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் முதல் அடியிலேயே சறுக்கும், ஏனென்றால் வி. என். ஜானகியும் ஒரு காலத்தில் கதாநாயகியாக நடித்தவர்தான். "ஜானகி (நடிகை)" என்று வைத்தால் அது யார்? சரி, அவருக்கு "ஜானகி (அரசியல்வாதி)" என்று வைக்கலாமா என்றால், அவரை அந்த வகையில் நினைவு வைத்திருக்கிறவர்களே குறைவு. இப்போது நாளிதழ்களில் இவர்கள் நால்வரும் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். ஒருவருக்கு எஸ்., ஒருவருக்கு வி. என்., ஒருவருக்கு முன்னால் 1950இல் வந்த தெலுங்குப் படத்தின் பெயர், ஒருவருக்குப் பின்னால் அம்மாள். எங்குமே குழப்பம் இல்லை. நாலு கட்டுரை, நாலு தலைப்பு, ஒரு அடைப்புக்குறி கூடத் தேவைப்படவில்லை. "ஜானகி" என்ற வெற்றுப் பெயரில் இந்த நாலு பேரையும் காட்டுகிற ஒரு பக்கவழிப் பக்கம் (ஒரே பெயருள்ள கட்டுரைகளுக்கு வழிகாட்டுகிற பட்டியல்) போட்டால் வேலை முடிந்தது.

படப் பெயரை முன்னொட்டாகப் போடுகிற பழக்கம் நம் திரையுலகத்தில் வேண்டிய மட்டும் உண்டு. வெண்ணிற ஆடை மூர்த்தி, வெண்ணிற ஆடை நிர்மலா, நிழல்கள் ரவி, தலைவாசல் விஜய். இவர்களுக்கு "மூர்த்தி (நகைச்சுவை நடிகர்)", "விஜய் (குணச்சித்திர நடிகர்)" என்றெல்லாம் தலைப்பு வைப்பது, எல்லோருக்கும் தெரிந்த ஆளை யாருக்கும் தெரியாதவராக்குகிற வேலை. முன்னொட்டை அப்படியே தலைப்பில் வையுங்கள். படப் பெயரைச் சுற்றிப் போடுகிற ஒற்றை மேற்கோள் குறிகளை மட்டும் எடுத்துவிடுங்கள், தேடுபவர் யாரும் மேற்கோள் குறி போட்டுத் தட்டச்சு செய்ய மாட்டார்.

கர்நாடக இசை உலகத்தில் இதே வேலையை ஊர்ப்பெயர் செய்கிறது. சுப்பிரமணிய பிள்ளை என்றால் யார் என்று கேட்பார்கள். பழநி சுப்பிரமணிய பிள்ளை என்றால் மிருதங்கம், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை என்றால் வாய்ப்பாட்டு, கேள்வியே இல்லை. ஊர்ப்பெயரை "அது முகவரிதானே" என்று நினைத்துச் சிலர் தலைப்பிலிருந்து வெட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அரியக்குடி, செம்மங்குடி, முசிரி என்பதெல்லாம் இங்கே முகவரி இல்லை, பெயரே அதுதான். ரசிகர்கள் பல நேரம் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி ஆளைக் குறிக்கிறார்கள்.

நிறுவனப் பெயரும் சில நேரம் இப்படி ஒட்டிக்கொள்ளும். எஸ். ராமகிருஷ்ணன் என்ற பெயரில் 2018இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற எழுத்தாளர் இருக்கிறார். க்ரியா பதிப்பகத்தை நடத்தி 2020இல் மறைந்த எஸ். ராமகிருஷ்ணன் இருக்கிறார்; ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி 2020இல் பத்மஸ்ரீ பெற்ற எஸ். ராமகிருஷ்ணனும் இருக்கிறார். மூன்று பேருக்கும் முதலெழுத்து வரைக்கும் ஒன்றே. முதல் இருவரும் புத்தக உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் "(இலக்கியம்)" மாதிரி பொத்தாம் பொதுவான அடைப்புக்குறியும் உதவாது. ஆனால் வாசகர்கள் இரண்டாமவரை க்ரியா ராமகிருஷ்ணன் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அவருக்கு அதையே தலைப்பாக்கலாம். முதலாமவருக்கு "எஸ். ராமகிருஷ்ணன் (எழுத்தாளர்)". மூன்றாமவருக்கு "(சமூக சேவகர்)" போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முன்னொட்டு வழக்கில் இருக்க வேண்டும், நீங்கள் செய்ததாக இருக்கக் கூடாது. வசதியாக இருக்கிறதே என்று ஒருவரின் தொகுதிப் பெயரையோ சொந்த ஊரையோ நாமே முன்னால் ஒட்டினால், நாளைக்கு அதைப் பார்த்து நாலு இணையதளங்கள் எழுதும், அப்புறம் அதையே ஆதாரமாகக் காட்டிக்கொண்டு யாராவது வருவார்கள். உங்கள் கட்டுரைக்கு வெளியே, உங்களுக்கு முன்னால் எழுதப்பட்ட செய்திகளிலோ புத்தகங்களிலோ அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

முதலெழுத்தை எவ்வளவு நம்பலாம்?

நிறைய நம்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. பன்னீர்செல்வம் என்ற பெயரில் முதலெழுத்து அருமையாக வேலை செய்கிறது. நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவராக இருந்து 1940இல் ஹானிபல் விமான விபத்தில் மறைந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம், மூன்று முறை முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வம், 2021இல் வேளாண்மை அமைச்சரான எம். ஆர். கே. பன்னீர்செல்வம். மூவரும் அரசியல்வாதிகள், ஆகவே "(அரசியல்வாதி)" இங்கே ஒரு பைசாவுக்குப் பிரயோசனம் இல்லை. முதலெழுத்துகளோ மூன்றும் வேறு, அதுவும் மக்கள் நாவில் பழகியவை. ("சர்" தலைப்பில் வேண்டாம். பட்டங்களைப் பற்றிக் கீழே வருகிறேன்.)

அன்பழகனுக்கு வாருங்கள், கதை வேறு. திமுகவின் பொதுச்செயலாளராக நெடுங்காலம் இருந்த க. அன்பழகன் 2020 மார்ச்சில் மறைந்தார். அதே கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் அதே ஆண்டு ஜூனில் மறைந்தார். கும்பகோணத்தில் 2011 முதல் தொடர்ந்து வென்ற சாக்கோட்டை அன்பழகனும் அதே கட்சிதான், அவருக்கும் தமிழ்ச் செய்திகளில் க. என்றே முதலெழுத்து வரும். போதாததற்கு அதிமுகவில் கே. பி. அன்பழகன், முன்னாள் உயர்கல்வி அமைச்சர். கட்சி, தொழில், மறைந்த ஆண்டு என்று எதை எடுத்தாலும் யாராவது இருவர் ஒன்றாகி நிற்பார்கள். இதில் ஜெ., கே. பி. இரண்டும் தானாகப் பிரிந்துவிடும். இரண்டு க.வில் மூத்தவருக்கு "க. அன்பழகன்" என்றே விட்டுவிட்டு, மற்றவருக்குச் செய்திகளில் ஏற்கெனவே புழங்குகிற "சாக்கோட்டை க. அன்பழகன்" என்பதை வைப்பதே நல்லது என்பது என் கருத்து. "(கும்பகோணம்)" என்றும் வைக்கலாம். ஆனால் தொகுதி மாறும், ஊர் அடைமொழி மாறாது.

தமிழ் முதலெழுத்து ஆங்கில முதலெழுத்தைவிடச் சில இடங்களில் நுணுக்கம், சில இடங்களில் மொண்ணை. எஸ். என்பது தமிழில் ச., சி., சு., செ. என்று பலவாகப் பிரியும். அப்படிப் பிரிந்தால் நமக்கு லாபம். ஆனால் கே.யும் ஜி.யும் தமிழில் க.வாகச் சேர்ந்துவிடும், டி.யும் தி.யும் த.வும் ஒன்றோடொன்று இடறும். ஆகவே ஒருவர் தன் பெயரைத் தமிழில் எப்படிப் போடுகிறாரோ, அவரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எப்படிப் போடுகிறார்களோ, அப்படியே போடுங்கள். வேறொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காக மட்டும் "எஸ்."ஐ நீங்களாகவே "சு." ஆக்காதீர்கள். அவருடைய அப்பா பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கூட.

முதலெழுத்து முழுக்கக் கைவிடுகிற ஒரு இடத்தையும் காட்டிவிடுகிறேன், எனக்கு மிகப் பிடித்த உதாரணம். எஸ். சந்திரசேகர் என்று இரண்டு இயற்பியலாளர்கள் இருந்தார்கள். ஒருவர் விண்மீன்களின் இறுதிக்காலத்தை ஆராய்ந்து 1983இல் நோபல் பரிசு பெற்றவர் (1910–1995), இன்னொருவர் பெங்களூரில் திரவப் படிகங்களை ஆராய்ந்தவர் (1930–2004). இருவரும் சர் சி. வி. ராமனுக்கு நெருங்கிய உறவினர்கள்: முன்னவர் அண்ணன் மகன், பின்னவர் தங்கை மகன். தொழில் ஒன்று, முதலெழுத்து ஒன்று, குடும்பமும் ஒன்று! மூன்றாவதாக, 1967இல் இந்திய சுகாதார அமைச்சரான மக்கள்தொகை ஆய்வாளர் ஒரு எஸ். சந்திரசேகரும் உண்டு. இங்கே செய்ய வேண்டியது முதலெழுத்தை விரிப்பது: சுப்பிரமணியன் சந்திரசேகர், சிவராமகிருஷ்ண சந்திரசேகர், ஸ்ரீபதி சந்திரசேகர். அறிவியலாளர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அவர்களுடைய முழுப்பெயர் கட்டுரைகளிலும் விருதுப் பட்டியல்களிலும் அச்சாகியிருக்கும். நடிகருக்கும் அரசியல்வாதிக்கும் இந்த வழி பெரும்பாலும் ஒத்துவராது. அவர்களுடைய முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்று தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்பாவும் மகனும் ஒரே பெயரோடு இருந்தால்? இலங்கையில் ஜி. ஜி. பொன்னம்பலம் (1901–1977) தமிழ்க் காங்கிரசைத் தொடங்கியவர். அவருடைய மகனுக்கும் ஆவணங்களில் அதே பெயர்தான், ஆனால் 2000இல் கொல்லப்படும் வரை மக்களுக்கு அவர் குமார் பொன்னம்பலம். பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம். "(இளையவர்)", "(மகன்)" என்று போடத் தேவையே வரவில்லை. உறவுச் சொல்லைத் தலைப்பில் வைத்தால் அந்த ஆள் காலம் முழுக்க இன்னொருவரின் நிழலிலேயே நிற்பார். வேறு வழி இருக்கும்போது அதை ஏன் செய்ய வேண்டும்.

பட்டங்கள்

கலைஞர், புரட்சித் தலைவர், டாக்டர், பேராசிரியர் என்று எதுவும் தலைப்பில் வேண்டாம் என்பதுதான் கலைக்களஞ்சிய வழக்கம். மரியாதைக் குறைவு என்று யாராவது பேச்சுப் பக்கத்தில் சண்டைக்கு வந்தால் ஒன்று சொல்லுங்கள்: பட்டங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நாவலர் யார்? யாழ்ப்பாணத்தில் கேட்டால் ஆறுமுக நாவலர், தமிழ்ப் பேராசிரியரிடம் கேட்டால் சோமசுந்தர பாரதியாரும் நினைவுக்கு வருவார், பழைய திமுக தொண்டரிடம் கேட்டால் இரா. நெடுஞ்செழியன். பட்டமே பெயராகிவிட்ட இடங்களில் மட்டும் (ஆறுமுக நாவலரே உதாரணம்) விதிவிலக்கு கொடுக்கலாம். சாதிப் பெயருக்கும் இதே அளவுகோல்தான். உ. வே. சாமிநாதையர் என்று அவரே எழுதினார், உலகமும் அப்படியே எழுதுகிறது, அதை வெட்ட வேண்டாம். ஆனால் இரண்டு பேரைப் பிரிப்பதற்காக, அந்த ஆள் தானே பயன்படுத்தாத சாதிப் பெயரைத் தோண்டி எடுத்து ஒட்டுவது அசிங்கம்.

சரி, அடைப்புக்குறிதான் என்று ஆகிவிட்டால்

ஒற்றைப் பெயரோடு புகழ்பெற்றவர்களிடம் வேறு வழியில்லை. கார்த்திக் (நடிகர்), கார்த்திக் (பாடகர்) என்பது சுத்தமான பிரிப்பு: ஒரு சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல், ஒருமையில். "(திரைப்பட நடிகர் மற்றும் தயாரிப்பாளர்)" என்று வண்டி நீளத்துக்கு வேண்டாம். "(பிரபல பாடகர்)", "(மூத்த நடிகர்)", "(மறைந்த நடிகர்)" கூடவே கூடாது. குற்றச்செயலையோ வழக்கையோ அடைப்புக்குறியில் வைக்காதீர்கள். உயிரோடு இருப்பவர் என்றால் இதில் இரண்டு மடங்கு கவனம். கட்சிப் பெயரும் வேண்டாம், நம் ஊரில் ஒவ்வொரு தேர்தலுக்கும் பக்கத்தை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

தொழில் ஒன்றாக இருந்தால் சிக்கல் அடுத்த படிக்குப் போகிறது. ஸ்ரீகாந்த் என்ற பெயரைப் பாருங்கள். 1965இல் திரைக்கு வந்து 2021இல் மறைந்த ஸ்ரீகாந்த், 2002இல் கதாநாயகனாக அறிமுகமான ஸ்ரீகாந்த், தெலுங்கில் இன்னொரு ஸ்ரீகாந்த். மூவரும் நடிகர்கள். (தெலுங்குப் படங்களில் நம் இளைய ஸ்ரீகாந்துக்கு ஸ்ரீராம் என்றே பெயர் போடுகிறார்கள், திரையுலகமே இந்தக் குழப்பத்தைச் சமாளிக்க வழி தேடியிருக்கிறது பாருங்கள்.) கிரிக்கெட்டில் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், இறகுப்பந்தில் கிடாம்பி ஸ்ரீகாந்த் இருவரையும் முழுப்பெயர் காப்பாற்றிவிடுகிறது. தெலுங்கு நடிகருக்கு "(தெலுங்கு நடிகர்)". தமிழில் மீதமிருக்கும் இருவருக்குத்தான் பிறந்த ஆண்டு: "ஸ்ரீகாந்த் (நடிகர், பிறப்பு 1979)" என்பது போல. இது கடைசி ஆயுதம், அழகான ஆயுதமும் இல்லை. வாசகர் ஒருவர் தான் தேடி வந்த நடிகர் எந்த ஆண்டு பிறந்தார் என்று தெரிந்துகொண்டா வருகிறார்? ஆகவே ஆண்டு போட்ட தலைப்புக்குப் பக்கவழிப் பக்கத்தில் நல்ல விளக்க வரி கட்டாயம். பிறந்த ஆண்டுக்கு உறுதியான ஆதாரம் இல்லையென்றால் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

ஆள் தொழில் மாறினால் அடைப்புக்குறியும் மாற வேண்டுமா என்று அடிக்கடி கேட்பார்கள். விஜய் 2024இல் கட்சி தொடங்கினார். அன்றைக்கே ஓடிப்போய் "(நடிகர்)" என்பதை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அடைப்புக்குறி இன்றைய பதவியைச் சொல்வதற்கு இல்லை, இயக்குநர் ஏ. எல். விஜயிலிருந்தும் அதே பெயர் கொண்ட தொலைக்காட்சியிலிருந்தும் இவரைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான். பெயரே மாறினால் அது வேறு. ஜெயம் ரவி 2025 ஜனவரியில் தன்னை இனி ரவி மோகன் என்றே அழைக்க வேண்டும் என்று அறிவித்தார். இப்படி வரும்போது செய்திகளும் படங்களின் பெயர்ப் பட்டியலும் புதுப்பெயருக்கு மாறுகின்றனவா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்து நகர்த்துங்கள்; பழைய பெயர் வழிமாற்றாக (தட்டினால் புதுத் தலைப்புக்குத் தானாகக் கொண்டுபோகிற பக்கமாக) நிரந்தரமாக இருக்கட்டும்.

இன்னொன்று, தமிழ் வாசகர் என்றால் தமிழ்நாட்டு வாசகர் மட்டும் இல்லை. "(அமைச்சர்)" என்று போட்டால் எந்த நாட்டு அமைச்சர்? கொழும்பிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ப் பெயருள்ள அமைச்சர்கள் இருந்திருக்கிறார்கள். மோதல் நாடுகளுக்கு இடையில் என்றால் "(இலங்கை அரசியல்வாதி)", "(மலேசிய அரசியல்வாதி)" என்று எழுதுங்கள். அப்படி எழுதும்போது தமிழ்நாட்டுக்காரருக்கு மட்டும் வெறும் "(அரசியல்வாதி)" கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு நாட்டை ஒட்டாதீர்கள், அது கண்ணை உறுத்தும்.

புலவர்களும் மன்னர்களும்

இந்த வேலையை நமக்கு முன்னால் செய்தவர்கள் சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள். சாத்தன் என்று பெயர் வைத்துக்கொண்டு கூட்டமாக வந்து நின்ற புலவர்களைச் சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்று ஊராலும் உருவத்தாலும் அப்பன் பெயராலும் பிரித்தார்கள். பெயரே தெரியாதவரைப் பாட்டில் வந்த தொடரால் செம்புலப் பெயனீரார் ஆக்கினார்கள். மன்னர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், இறந்த இடத்தையே அடையாளமாக்கினார்கள்: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி. நெடுஞ்செழியன்களைப் போரால் பிரித்தார்கள்: ஆரியப்படை கடந்தவன் ஒருவன், தலையாலங்கானத்துச் செருவென்றவன் ஒருவன். இந்தப் பெயர்களை நீளம் என்று சொல்லி "நெடுஞ்செழியன் 2" என்கிற மாதிரிச் சுருக்கிவிடாதீர்கள். அடைமொழியோடு தலைப்பு, சுருக்கப் பெயரில் வழிமாற்று.

பிற்காலச் சோழ பாண்டியர்களுக்கு முதலாம், இரண்டாம் என்று எண் போடுவது வரலாற்றாசிரியர்கள் செய்த ஏற்பாடு. எந்த மன்னனும் தன்னை "முதலாம்" என்று சொல்லிக்கொண்டதில்லை. கல்வெட்டில் முதலாம் பராந்தகன் "மதிரை கொண்ட கோப்பரகேசரி"யாகத்தான் வருவான். ஆனாலும் இன்றைய புத்தகங்கள் எல்லாம் எண்ணைத்தான் பயன்படுத்துகின்றன, அதனால் முதலாம் குலோத்துங்க சோழன் என்பதே சரியான தலைப்பு. பாண்டியர்களில் எண்ணோடு சடையவர்மன், மாறவர்மன் என்பதையும் விடக் கூடாது. 1216இல் பட்டத்துக்கு வந்த சுந்தரபாண்டியன் மாறவர்மன், 1251இல் வந்தவன் சடையவர்மன். "முதலாம் சுந்தரபாண்டியன்" என்று மட்டும் எழுதினால் இருவருக்கும் பொருந்தும்.

ஔவையார், கபிலர், நக்கீரர் என்ற பெயர்கள் பல நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதியமானைப் பாடியவரும் ஆத்திசூடி செய்தவரும் ஒருவர் இல்லை என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. இங்கே தொழிலைப் போட்டால் எல்லோருமே புலவர்கள். காலத்தைத்தான் போட வேண்டும்: "ஔவையார் (சங்ககாலப் புலவர்)". பதினோராம் திருமுறையில் வருகிறவர்களுக்குக் கபிலதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார், பரணதேவ நாயனார் என்று மரபே தனிப்பெயர் தந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். யார் யாரிலிருந்து வேறு என்பதில் அறிஞர்களிடையே வாதம் இருந்தால் அந்த வாதம் கட்டுரைக்கு உள்ளே நடக்கட்டும், தலைப்பில் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

வெற்றுப் பெயர் யாருக்கு?

சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். அந்தப் பெயரைத் தட்டுகிற பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் ஒருவரைத்தான் தேடுகிறார்கள் என்றால் வெற்றுப் பெயரை அவருக்கே கொடுத்துவிட்டு, கட்டுரையின் உச்சியில் "இதே பெயருடைய மற்றவர்களுக்கு" என்று ஒரு வரிக் குறிப்பு போடுங்கள். கண்ணதாசன், ஜெயகாந்தன் எல்லாம் இந்த வகை. அப்படித் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றால் யாருக்கும் வேண்டாம், பக்கவழிப் பக்கம் வரட்டும். பக்கப் பார்வை எண்ணிக்கையைப் பாருங்கள், ஆனால் ஒரு மாதத்து எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். 2020 மார்ச்சில் எடுத்தால் ஒரு அன்பழகன் மேலே இருப்பார், ஜூனில் எடுத்தால் இன்னொருவர். உங்களுக்குப் பிடித்தவர், முதலில் கட்டுரை எழுதப்பட்டவர், இப்போது ஆட்சியில் இருப்பவர் என்பதெல்லாம் காரணம் ஆகாது.

எழுத்து வேறுபாட்டை மட்டும் நம்பி இரண்டு பேரைப் பிரிக்கவும் வேண்டாம். ஒருவருக்கு ராஜேந்திரன், இன்னொருவருக்கு இராசேந்திரன் என்று வைத்தால் எழுதியவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். கார்த்தி, கார்த்திக் மாதிரி உண்மையிலேயே ஒரு எழுத்தில் பிரிகிறவர்கள் இருந்தால் இரண்டு கட்டுரைகளின் உச்சியிலும் குறுக்குக் குறிப்பு போட்டுவிடுங்கள். ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார் இருவருக்கும் அப்படித்தான். ஒருவர் ஆண், ஒருவர் பெண், அவசரத்தில் படிக்கிறவருக்கு இருவரும் ஒன்றே.

பக்கவழியும் வழிமாற்றும்

தமிழ்ப் பெயரில் முதலெழுத்து முன்னால் வருவதால் ஒரு நடைமுறைத் தொல்லை இருக்கிறது. தேடுபெட்டி தலைப்பின் தொடக்கத்தை வைத்துத்தான் பரிந்துரை காட்டும். "அன்ப" என்று தட்டுகிறவருக்கு "க. அன்பழகன்" வராமல் போகலாம். அதனால்தான், எல்லாத் தலைப்பும் ஒன்றிலிருந்து ஒன்று வேறாக இருந்தாலும், வெற்றுப் பெயரில் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் தேவைப்படுகிறது. அதில் ஆளுக்கு ஒரு வரி: இணைப்பு, பிறந்த மறைந்த ஆண்டுகள், யார் என்று நாலு சொல். வாழ்க்கை வரலாறு வேண்டாம், படம் வேண்டாம். பெயரில் எங்கோ அந்தச் சொல் வருகிறது என்பதற்காக ஊரில் உள்ள எல்லோரையும் சேர்க்காதீர்கள், அந்தப் பெயரால் அழைக்கப்படுகிறவர்கள் மட்டும் போதும்.

வழிமாற்றுகளில் கஞ்சத்தனம் வேண்டாம். புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டதும் விடாததும் (மு. கருணாநிதி, மு.கருணாநிதி) மென்பொருளுக்கு இரண்டு வெவ்வேறு தலைப்புகள். எம். ஜி. ராமச்சந்திரன், ம. கோ. இராமச்சந்திரன், எம்.ஜி.ஆர். எல்லாம் ஒரே பக்கத்துக்குப் போக வேண்டும். கண்ணுக்கே தெரியாத வேறுபாடுகளும் உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம், ஸகரத்தை வைத்து ஒன்று, அதிகம் பழக்கமில்லாத ஶகரத்தை வைத்து ஒன்று. பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றில் தட்டச்சு செய்தால் மற்றொன்று கிடைக்காது. ஸ்ரீகாந்த், ஸ்ரீதேவி பக்கங்களுக்கெல்லாம் இரண்டிலும் வழிமாற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறவர்களும் அவ்வையார் என்று எழுதுகிறவர்களும் நிறைய, அவர்களுக்கும் வழி வேண்டும்.

பக்கத்தை நகர்த்திய கையோடு "இப்பக்கத்தை இணைத்தவை" என்பதைத் திறந்து பழைய இணைப்புகளைத் திருத்துங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இதுதான். 1974ஆம் ஆண்டுப் படத்தின் நடிகர் பட்டியலில் ஸ்ரீகாந்த் என்ற இணைப்பைச் சொடுக்கினால் 1979இல் பிறந்தவரின் பக்கம் திறப்பதெல்லாம் இப்படி விடுபட்டதால் வருவதுதான். கட்டுரைக்குள் அடைப்புக்குறி தெரிய வேண்டாம் என்றால் [[கார்த்திக் (பாடகர்)|]] என்று செங்குத்துக் கோட்டோடு நிறுத்திச் சேமியுங்கள், மீதியை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். விக்கிப்பீடியாக்களுக்குப் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவில் பெயருக்கான இடத்தில் அடைப்புக்குறி போட வேண்டாம், வெறும் பெயர் போதும். அங்கே ஒரே பெயரில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், பெயரும் விளக்கமும் சேர்ந்து இன்னொருவரோடு அச்சு அசலாக ஒத்துப்போகக் கூடாது, அவ்வளவே. அங்கே போனதோடு, பிறமொழி இணைப்புகள் சரியான ஆளுக்குத்தான் போகின்றனவா என்றும், தகவல்பெட்டியில் இருக்கும் படம் அவருடையதுதானா என்றும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.